கண் வேண்டாத ஒன்று

அன்றைக்கும் தளம் திறக்கவில்லை. ரபீக்கா விலாசத்தைத் திரும்பத் தட்டி, என்டரை அழுத்தி, ஹெட்போனைக் காதோடு அமத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்த இயந்திரக் குரல் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னது. உங்கள் பிரவுசர் பழையது, இந்தத் தளம் இதில் வேலை செய்யாது.

"பஸ்னா, கொஞ்சம் வந்து பார்."

தங்கச்சி பஸ்னா குசினியிலிருந்து வந்தாள். இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள், கை திரையில் முட்டாமல் தூக்கிப் பிடித்தபடி குனிந்து வாசித்தாள்.

"பழசாம் ராத்தா. புதுசு போடச் சொல்லுது."

"அதைத்தான் இதுவும் சொல்லுது."

"அப்ப என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

கண்ணுள்ள ஒருத்தி வாசித்தால் வேறு மாதிரி இருக்கும் என்று ரபீக்காவின் மனதில் ஒரு மூலை நினைத்திருக்க வேண்டும். லெப்டொப்பை மூடிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று விடியலிலேயே தொடங்கிவிட்டது. முற்றத்து மண்ணை வாரி யன்னலில் இறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று அடிக்கிற மாதங்களில் தலைக்குள் யாரோ இருந்து கதைப்பது போலிருக்கும் அவளுக்கு. எதையும் யோசிக்க முடியாது. யோசிக்க வேண்டியதெல்லாம் அந்த மாதங்களில்தான் வந்து சேரும்.

நாற்பதைத் தாண்டிவிட்டாள் ரபீக்கா. கிண்ணியாவுக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணியில், களப்பை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் வீடு. சின்ன வயதிலேயே மாலைக்கண். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் வாசற்படியைக் காலால் தடவித்தான் இறங்குவாள். மீன் ஈரல் தின்றால் சரியாகும் என்று ஊரில் எல்லாரும் சொன்னதால் உம்மா சுறா ஈரலை உருக்கிப் பருக்கினாள். சரியாகவில்லை. பிறகு பக்கப் பார்வை போனது. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருந்தபோது கொழும்பில் ஒரு டாக்டர், இது பரம்பரையாக வருவது, மருந்தில்லை என்று சொல்லி அனுப்பினார். நடுவில் இருந்ததும் முப்பது வயதாகும்போது அணைந்துவிட்டது.

அதற்கு முன்பே அவள் கிண்ணியாவில் ஒரு கொமினிக்கேசன் கடையில் டைப்பிங் வேலை பார்த்தவள். கல்யாணக் காட், விண்ணப்பக் கடிதம், பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். கீபோர்டைப் பார்க்காமலே அடிக்கிறாள் என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். பார்த்தாலும் தெரியாது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வந்த நாளோடு வேலை நின்றது.

வீட்டில் சும்மா இருந்த அந்த வருஷங்களுக்குப் பிறகுதான் திருகோணமலை டவுனில் பார்வை இல்லாதவர்களுக்கு ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டாள். வாப்பா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டார். அங்கே கொடுத்த கொம்பியூட்டர்களில் விண்டோஸ் இல்லை. யாரும் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளக்கூடிய உபுண்டு என்ற இயங்குதளம் இருந்தது. அதோடு திரையை வாசிக்கும் மென்பொருளும், தமிழ் பேசும் ஒரு குரலும் இலவசமாக வந்தன. முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டபோது, சளி பிடித்த ஒருவர் தகரப் பெட்டிக்குள் இருந்து கதைப்பது போலிருந்தது. ஒரு மாதத்தில் அது பழகிப்போனது. பிறகு அதன் வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். இப்போது அது பேசுவது பஸ்னாவுக்குச் சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போலத்தான் கேட்கும். ரபீக்காவுக்கு ஒரு எழுத்துத் தப்பாது.

அந்த வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் பிரசாந்தன். சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பம், பிறவியிலேயே பார்வை இல்லை. அவனுக்கு அண்ணன்மார் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். அவன் இப்போது டவுனில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளன். கொம்பியூட்டர் என்றால் அவனுக்குப் பைத்தியம். எந்த இயங்குதளம் எந்த மெஷினில் எப்படிப் பேசுகிறது என்று வாரம் முழுக்கக் கதைக்கச் சொன்னாலும் கதைப்பான். ரபீக்காவுக்கு அந்தப் பைத்தியம் ஒருநாளும் இருந்ததில்லை. அவளுக்குக் கொம்பியூட்டர் அம்மி மாதிரி. அரைபட்டால் போதும்.

அதில் அரைத்துத்தான் அவள் வாழ்ந்தாள். கொழும்பில் ஒரு ஆய்வு நிறுவனம், கிழக்கில் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேட்டி எடுத்து, அந்த ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கித் தர ஆட்களை வைத்திருந்தது. மூதூர் மீனவர், வயல் செய்கிறவர்கள், களப்பில் இறால் பிடிக்கிற பெண்கள் கதைப்பதெல்லாம் கொழும்பில் இருக்கிறவர்களுக்குப் பிடிபடாது. ரபீக்காவுக்கு மூச்சுவிட்டால்கூடப் புரியும். ஒரு காதில் ஒலிப்பதிவு, மறு காதில் தான் அடிக்கிறதை வாசிக்கும் குரல். இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே விரல் ஓடும். பின்னேரம் ஆகும்போது தலை கல்லாகிவிடும். என்றாலும் அது அவளுடைய வேலை. வீட்டில் யாருக்கும் கை நீட்டாமல் இருந்தாள்.

அந்த வேலைக்குத்தான் இப்போது முட்டுக்கட்டை. அவள் வைத்திருந்த உபுண்டுப் பதிப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டது. இனி அதற்குப் புதுப்பிப்பு வராது. முடியப்போகிறது என்று அது மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும்போதெல்லாம் அவள் எஸ்கேப்பை அழுத்தி அதன் வாயை மூடினாள். நிறுவனமோ ஒலிப்பதிவுகளையெல்லாம் புதுத் தளம் ஒன்றுக்கு மாற்றிவிட்டது. பழைய பிரவுசரை அந்தத் தளம் உள்ளே விடாது.

வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஜெஸ்மின் கொழும்பிலிருந்து கூப்பிட்டாள். பதவிசான பிள்ளை.

"ராத்தா, இப்போதைக்கு நான் வட்ஸ்அப்பில அனுப்பிவிடுறன். ஆனா கனநாளைக்கு அப்பிடிச் செய்ய ஏலாது. மேல இருக்கிறவங்க கேப்பாங்க."

"ஓம், விளங்குது. கெதியா மாத்திடுவன்."

"கஷ்டமா ராத்தா, அது?"

"இல்ல," என்றாள் ரபீக்கா. கஷ்டம் என்று தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாற்றுவதென்றால் இரண்டு வழி இருந்தது. உபுண்டுவிலேயே புதுப் பதிப்பைப் போடுவது ஒன்று. போன முறையும் அதைத்தான் செய்தார்கள். பஸ்னா திரையைப் பார்த்து வாசிக்க, ரபீக்கா சொல்ல, பஸ்னா மவுஸை அமத்த, ஒரு பின்னேரத்தில் முடிந்தது. பழகிய குரல், பழகிய விசைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பஸ்னா இந்த முறையும் அதையே சொன்னாள்.

"ஒரு நாள் வேலை ராத்தா. நான் இருக்கக்குள்ளயே போட்டிடுவம்."

நான் இருக்கக்குள்ளயே. அந்தச் சொல்தான் ரபீக்காவின் நெஞ்சில் போய்க் குந்திக்கொண்டது. பஸ்னாவின் மாப்பிள்ளை ஹஸ்மிக்குப் பொலன்னறுவையில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிய அவர்கள் பிள்ளைகளோடு அங்கே குடிபோகிறார்கள். வீடு பஸ்னாவின் பேரில். ரபீக்கா அதில் இருக்கலாம். அதே வளவின் பின்பக்கத்து வீட்டில் மூத்த சகோதரர் முத்தலிப் நானாவும் அவர் மனைவி றம்ஸியா மதினியும் இருக்கிறார்கள். சாப்பாடு மதினி தருவாள், ஆஸ்பத்திரிக்கு நானா கூட்டிப்போவார். அவர்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கொம்பியூட்டர் விஷயத்தில் நானா எப்படி என்பது ரபீக்காவுக்குத் தெரியும். பஸ்னா கடைசிப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது லெப்டொப் திடீரென்று ஊமையாகிவிட்டது. என்ன அமத்தியும் குரல் வரவில்லை. ரபீக்கா நானாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதில ஒரு பிழையும் இல்லயே. எல்லாம் வடிவாத் தெரியுது."

"என்ன தெரியுது நானா?"

"எல்லாம்தான். படம் தெரியுது, எழுத்துத் தெரியுது."

"என்ன எழுத்து?"

"இங்கிலீசில என்னவோ இருக்கு. நான் ஒண்டும் தொடல்ல, பழுதாப்போனா எனக்கு ஏலா."

பஸ்னா பச்சைப் பிள்ளையோடு வீடு வரும்வரை லெப்டொப் அப்படியே கிடந்தது. வந்தவள் ஒரு நிமிஷத்தில், திரையில் ஒரு பெட்டி குறுக்கே நிற்கிறது, ஓகே கேட்கிறது என்று சொல்லி அமத்திவிட்டாள். குரல் வந்தது. அந்த நாட்களில் ரபீக்கா செய்யாமல் விட்ட வேலையை வேறொருவர் செய்து முடித்திருந்தார்.

இரண்டாவது வழியைச் சொன்னவன் பிரசாந்தன்.

"நீங்கள் ஒண்டை யோசியுங்கோ ரபீக்கா," என்றான் போனில். "உபுண்டு நல்லதுதான், நானும் கனகாலம் பாவிச்சனான். அதையும் குரலோட ஏத்தலாம். ஆனா உங்கட லெப்டொப் பழசு. புதுப் பதிப்பு அதுக்குப் பாரம். பாதியில மூச்சு முட்டி நிண்டா, ஆர் பாத்துச் சொல்லுறது? டெபியனைப் போடுங்கோ. அதுவும் சும்மா கிடைக்கிறதுதான்."

"அது என்ன வித்தியாசம்?"

"அது வெறும் எழுத்தில ஏறும். படம் இல்லை, மவுஸ் இல்லை. தொடக்கத்திலயே ஒரு எழுத்தைத் தட்டினா குரல் வந்திடும். ஒவ்வொரு கேள்வியா வாசிக்கும், நீங்கள் இலக்கத்தைத் தட்டினாச் சரி. போன வருஷம் வீட்டில எல்லாரும் கோயிலுக்குப் போன நேரம் நான் தனியப் போட்டு முடிச்சனான்."

"ஏத்தின பிறகு?"

அவன் கொஞ்சம் இழுத்தான். "பிறகு எல்லாத்தையும் நீங்களாத்தான் அடுக்க வேணும். தமிழ்க் கீபோர்ட், குரல், வைஃபை எல்லாம். புது வீட்டுக்குக் குடிபோற மாதிரி. கொஞ்ச நாளைக்குச் சாமான் எங்க இருக்கெண்டு தெரியாது."

"எனக்குக் களைப்பா இருக்கு பிரசாந்தன்."

"தெரியும்," என்றான். "எனக்கும்தான். ஆக்கள் நினைக்கினம் எனக்கு இதெல்லாம் விளையாட்டு எண்டு. ஒவ்வொரு முறையும் ஏத்தக்குள்ள நெஞ்சு அடிக்கிறது எனக்குத்தான் தெரியும்."

அதை அவன் அவளிடம் முதன்முதலாகச் சொன்னான்.

ரபீக்கா இரண்டையும் செய்யாமல் நாட்களைக் கடத்தினாள். ஜெஸ்மின் வட்ஸ்அப்பில் அனுப்பியவற்றைப் பழைய லெப்டொப்பிலேயே அடித்தாள். வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தொழுகைப் பாயில் இருக்கும்போதும் அதுதான் மனதில் ஓடியது. உபுண்டு என்றால் இன்றைக்குச் சுகம், நாளைக்கு அது நின்றால் யார் பார்த்துச் சொல்வது. டெபியன் என்றால் இன்றைக்கே உயிர் போகும், நாளைக்கு ஒருவேளை யாருடைய கண்ணும் வேண்டியிராது. சில நேரம் எல்லாவற்றையும் மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, மதினி தருவதைத் தின்றுகொண்டு காற்றைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றும். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பெருநாள் நெருங்க, வீட்டில் பெட்டி கட்டும் சத்தம் தொடங்கியது. பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த பஸ்னா திடீரென்று நிறுத்தினாள்.

"ராத்தா, நீங்க அதை எப்ப போடப்போறீங்க?"

"போடுவம்."

"போடுவம் போடுவம் எண்டு எத்தினை நாள்? எனக்கு அங்க போய் நிம்மதியா இருக்க வேணாமா? பென்ட்ரைவ் ஒண்டைத் தாங்க, உபுண்டுவை இப்பவே ஏத்திட்டுப் போறன்."

"நீ ஏத்துவாய். நாளைக்கு அது ஊமையாகினா?"

"வீடியோ கோல் எடுங்க. நான் பாத்துச் சொல்றன்."

"போனைத் திரைக்கு நேரா நான் எப்படிப் பிடிக்கிற? வெளிச்சம் இருக்கா இல்லயா எண்டு எனக்குத் தெரியுமா? நீ அங்க உலையில அரிசியைப் போட்டுட்டு நிக்கக்குள்ள நான் கோல் எடுத்தா, நீ அதை விட்டுட்டு வருவியா?"

"வருவன்."

"அதுதான் எனக்கு வேணா," என்றாள் ரபீக்கா.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பஸ்னா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். குசினிக்குள் ஒரு பாத்திரம் தேவையில்லாமல் கழுவப்படுகிற சத்தம் கேட்டது. தான் சொன்னது நன்றிகெட்ட பேச்சு என்று ரபீக்காவுக்குத் தெரியும். பஸ்னாவுக்கு ஹஸ்மிக்கு முன் வெளியூரில் ஒரு மாப்பிள்ளை பேசியபோதும், ராத்தாவை விட்டுத் தூர இடத்துக்குப் போகமாட்டேன் என்று சொன்னவள் அவள். இத்தனை வருஷம் கண்ணாக இருந்தவளிடம் உன் கண் வேண்டாம் என்று சொல்வதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறதா? அன்றைக்கு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் பிரசாந்தனைக் கூப்பிட்டு, டெபியன் பென்ட்ரைவை டவுனுக்கு வரும் ஹஸ்மியிடம் கொடுத்துவிடச் சொன்னாள். அது கைக்கு வந்து சேர்ந்ததும் பஸ்னாவிடம் போனாள்.

"நான் தனியப் போடப்போறன். நீயும் பக்கத்தில இரு. ஆனா பார்க்காத. என்ன நடந்தாலும் சொல்லாத."

"அப்ப நான் என்னத்துக்கு?"

"நீ போன பிறகு எப்படி இருக்கும் எண்டு பார்க்கத்தான்."

பஸ்னா சுளகை எடுத்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்தபடி பாயில் குந்தி அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

மத்தியானத்து லுஹர் தொழுகை முடிந்திருந்தது. பிள்ளைகளை மதினி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பேட்டிகளையும் எழுதியவற்றையும் ரபீக்கா வேறொரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து, அதை உடுப்புக்குள் முடிந்து வைத்திருந்தாள். லெப்டொப்பின் பற்றரி செத்துக் கனகாலம். கரண்ட் போனால் எல்லாம் பாதியில் நிற்கும். யா அல்லாஹ், இந்தப் பின்னேரம் மட்டும் கரண்டை எடுத்துவிடாதே என்று கேட்டுக்கொண்டு சுவிட்சை அமத்தினாள்.

பென்ட்ரைவிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் ஒரு விசையைச் சரியான நேரத்தில் தட்டவேண்டும். அது எப்போது என்று திரைதான் காட்டும். ரபீக்கா விசிறி சுழலத் தொடங்கும் சத்தத்தை வைத்துத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, பழைய உபுண்டுவின் குரல் ஒன்றும் நடவாதது போல வந்து வணக்கம் சொன்னது. நிறுத்தி, மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே குரல். முந்தித் தட்டினாள், பிந்தித் தட்டினாள், விடாமல் தட்டினாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய ஆள் வந்து நின்றார். இப்படியே விட்டுவிடேன், நான் இருக்கிறேனே என்று அவர் சொல்வது போல இருந்தது. அவளுக்கும் விட்டுவிடத்தான் ஆசை.

பிறகு ஒரு முறை குரல் வரவில்லை. விசிறி மட்டும் சுழன்றது. பிரசாந்தன் சொன்ன எழுத்தைத் தட்டி, என்டரை அமத்தினாள். அமைதி. காத்திருந்தாள். அமைதி. பின்னால் பஸ்னாவின் சுளகுச் சத்தமும் நின்றிருந்தது.

"பார்க்கிறாயா?"

"இல்ல."

"பார்க்காத."

வளையல் சத்தத்தில் பஸ்னா தலையைத் திருப்பியதும், திரும்பவும் சுவர்ப்பக்கம் போனதும் ரபீக்காவுக்குத் தெரிந்தது. போனை எடுத்துப் பிரசாந்தனைக் கூப்பிட்டாள். அலுவலக நேரம். அவன் தணிந்த குரலில் கதைத்தான்.

"ஹெட்போன் போட்டிருக்கிறீங்களா? கழட்டுங்கோ. முழுக்க வெளியில எடுங்கோ. சத்தம் எந்தப் பக்கத்தால வருமெண்டு அதுக்கும் தெரியாது. ஒவ்வொரு பக்கமாத் தட்டிப் பாக்கும்."

ஹெட்போனை இழுத்தாள். லெப்டொப்பின் அடியிலிருந்து, தொண்டை கரகரத்த ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது. இந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டால் என்டரை அழுத்துங்கள்.

ரபீக்கா உடனே அழுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மெஷின் அவளிடம், தெரிகிறதா என்று கேட்காமல், கேட்கிறதா என்று கேட்பது இதுதான் முதல் தடவை. அது திரும்பவும் கேட்டது. அழுத்தினாள்.

அதன் பிறகு எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. மொழி என்ன, நாடு என்ன, பெயர் என்ன. அந்தக் குரலின் ஆங்கிலம் அவளுக்குப் பழக்கமில்லாத வேகத்தில் வந்தது. பாதி விளங்காது, திரும்ப வாசிக்க வைப்பாள். ஒரு இலக்கத்தைப் பிழையாகத் தட்டிப் பின்னுக்கு வந்தாள். ஒழுங்கையில் மீன்காரரின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, ஒரு கேள்வி முழுவதும் அதில் கரைந்துபோனது. அவர் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. இதில் இருப்பதெல்லாம் அழிக்கப்படும், எழுதட்டுமா? ஓம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. இலக்கம் தட்டாமல் என்டரை அமத்தினால் இல்லை என்றே அது எடுத்துக்கொள்ளும்.

"பஸ்னா."

"என்ன ராத்தா?"

"ஒண்டுமில்ல. இருக்கிறாயா எண்டு பார்த்தன்."

"இருக்கிறன்."

ரபீக்கா ஒன்றைத் தட்டினாள்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது அது வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து இன்னும் இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே பாயில் அடுத்தடுத்து நின்று தொழுதார்கள். கரண்ட் போகவில்லை. காற்றுக் கொஞ்சம் தணிந்த நேரத்தில், ஏறி முடிந்தது, மறுபடி தொடங்கவும் என்றது. தொடங்கினாள். நீண்ட அமைதிக்குப் பிறகு புது இடத்திலிருந்து அதே சளிபிடித்த குரல் வந்தது.

"வந்திட்டா?" என்று கேட்டாள் பஸ்னா.

"வந்திட்டு."

பஸ்னா எழும்பி வந்து, ராத்தாவின் தலையில் கை வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனாள். முந்தைய நாள் குசினிக்குள் கேட்ட அந்தச் சத்தம் இன்று இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தமிழில் அடிப்பதற்கான ரெங்கநாதன் கீபோர்டைப் போட ஒரு நாள் போனது. போட்டும், ஆங்கிலத்துக்கு மாறினால் தமிழுக்குத் திரும்ப வரவில்லை. வைஃபை வந்து வந்து போனது. விரல்கள் பழைய வழியிலேயே போய், இல்லாத கதவில் முட்டின. எல்லாவற்றிலும் பெரியது, அவள் வேலையைத் தொடங்கிய அன்று தெரிந்தது. எழுதி வைத்திருந்த பழைய பேட்டியொன்றைத் திறந்தாள். ஒரு மூதூர்ப் பெண் மஃரிபுக்குப் பிறகு களப்பில் இறங்குவதைப் பற்றிச் சொல்கிற இடம். குரல் அந்தச் சொல்லை, ம, ஆய்த எழுத்து, ரிப் என்று துண்டு துண்டாக வாசித்தது.

ரபீக்கா கையை எடுத்துவிட்டாள். குரல் பிழையாகச் சொல்லும் பெயர்களையும் சொற்களையும் இப்படிச் சொல் என்று ஒவ்வொன்றாக வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தாள். ஊர்ப் பெயர்கள், மீன்களின் பெயர்கள், துஆக்கள், றம்ஸியா மதினியின் பெயர்கூட. அதெல்லாம் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. மறைந்திருக்கும் ஒரு கோப்புறைக்குள் இருந்திருக்கிறது. பிரதி எடுக்கவில்லை. ஒன்றைத் தட்டியபோது அதுவும் போய்விட்டது.

"அதைச் சொல்ல நான் மறந்திட்டன்," என்றான் பிரசாந்தன். "சொல்லியிருக்க வேணும்."

"பரவாயில்ல."

"பரவாயில்லை எண்டு சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியும் அது என்னெண்டு."

அவனுக்கு மட்டும்தான் தெரியும். பஸ்னாவிடம் சொன்னபோது, அது பிழையாச் சொன்னா என்ன, உங்களுக்குத்தான் விளங்குமே ராத்தா என்றாள். அதுவும் உண்மைதான். அன்றைக்கு ரபீக்கா மத்தியானமே போய்ப் படுத்துவிட்டாள். உபுண்டுவிலேயே இருந்திருக்கலாமோ என்ற கேள்வி படுக்கையிலும் வந்து பக்கத்தில் கிடந்தது. அதற்கு அன்றும் விடை கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

பெருநாள் முடிந்து, ஒரு லொறியில் சாமான்கள் போயின. பஸ்னா பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து ராத்தாவைக் கட்டிக்கொண்டாள். லொறி ஒழுங்கை முனையில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை ரபீக்கா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, காலியான வீட்டில் தன் காலடி வேறு மாதிரிக் கேட்பதை உணர்ந்தாள்.

புதுத் தளம் இப்போது திறந்தது. ஆனால் அவள் லெப்டொப்பை அடுக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் பேட்டிகளில் பாதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"குறை நினைக்காதீங்க ராத்தா," என்றாள் ஜெஸ்மின். "நிக்க ஏலாமப் போச்சு. அடுத்த கட்டத்தில கூடத் தாறன்."

"உங்கட கையில என்ன இருக்கு. தந்ததைச் செய்யிறன்."

செய்தாள். ஒரு நாள் காலையில், ஏதோ அப்டேட் முடிந்து லெப்டொப் மறுபடி தொடங்கியபோது குரல் வரவில்லை. அவள் எழும்பி வாசல் வரை போனாள். பின்வளவில் நானா யாருடனோ கதைத்துக்கொண்டிருப்பது கேட்டது. கூப்பிடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தெரிந்த விசைகளையெல்லாம் தட்டினாள், பிரசாந்தன் சொல்லித் தந்தவற்றை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள், சில கட்டளைகளைக் குரல் கேளாமலே இருட்டில் அடித்தாள். மதினி சோறு கொண்டு வந்து வைத்துவிட்டு, என்ன பிள்ளை சாப்பிடல்லயா என்று கேட்டுவிட்டுப் போனாள். சோறு ஆறிய பிறகு குரல் வந்தது. எதனால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. சந்தோஷப்படத் தெம்பில்லை. சோற்றைச் சாப்பிட்டாள். பஸ்னாவுக்குப் போன் எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்து, பிறகு அவள் வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

பின்னேரம் பஸ்னாவே எடுத்தாள்.

"எப்படி ராத்தா, அது பேசுதா?"

"பேசுது. வேலை நடக்குது."

"நான் இங்க இருந்து துஆச் செய்யிறன்."

"செய். எனக்கில்லாட்டியும் லெப்டொப்புக்குச் செய்," என்றாள் ரபீக்கா. பஸ்னா சிரித்தாள். அவள் சிரித்துக் கனநாள்.

கச்சான் முடியும் தறுவாயில் பிரசாந்தன் கூப்பிட்டான். சுகம் விசாரித்தான். சல்லியில் மீன் இல்லை என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"டெபியன்ர புதுப் பதிப்பு வெளிய வந்திட்டுது."

ரபீக்கா கையிலிருந்த ஹெட்போனை மேசையில் வைத்தாள்.

"அவசரமில்லை. உங்கடதுக்கு இன்னும் காலம் இருக்கு. நிறைய இருக்கு."

"அப்ப ஏன் சொல்றீங்க?"

"தெரிஞ்சு இருக்கட்டுமெண்டு."

"இப்ப ஒண்டும் சொல்லாதீங்க பிரசாந்தன். அடுத்த வருஷம் சொல்லுங்க."

"சரி," என்றான். அவன் மெல்லச் சிரிப்பது கேட்டது. "அடுத்த வருஷம்."

போனை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பாதியில் நின்ற பேட்டியில், சம்பூர்ப் பக்கத்து மனுஷன் ஒருவர் தன் வள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் சொல்லாமல் நிறுத்தினார். கடல் சத்தம் மட்டும் கேட்டது. பேட்டி எடுத்தவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரபீக்கா அடைப்புக்குறிக்குள் 'மௌனம்' என்று அடித்தாள். அந்தச் சொல்லை மறு காதில் குரல் சரியாகவே வாசித்தது. மனுஷன் மறுபடி பேசத் தொடங்கும்வரை அவள் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.